கொலஸ்ட்ரால் சரியாக இருந்தும் இளவயதில் மாரடைப்பு ஏன்?

முப்பது, முப்பத்தைந்து வயதில் மாரடைப்போடு வருபவர்களின் ஆஞ்சியோகிராமில், முதியவர்களிடம் காண்பதுபோல் மூன்று குழாய்களிலும் சுண்ணாம்பு படிந்த நீண்ட அடைப்புகளைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஒரே குழாயில் சிறிய கொழுப்புப் படிவும், அதன்மேல் அதைவிடப் பெரிதாகத் திரண்ட ரத்தக் கட்டியும் இருக்கும். கட்டி கரைந்தபின் பார்த்தால், சிலருக்கு ஸ்டென்ட் வைக்கும் அளவுக்குக்கூட அடைப்பு மிஞ்சியிருக்காது. "போன மாதம்தானே டாக்டர் கொலஸ்ட்ரால் பார்த்தோம், நார்மல் என்றார்களே" என்று வெளியே காத்திருக்கும் மனைவி கேட்பார். அந்த ரிப்போர்ட் பொய்யில்லை. ஆனால் ரத்தம் எவ்வளவு எளிதில் உறையும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

கொழுப்புப் படிவின் மேல்தோல் கிழிந்ததும், உள்ளிருக்கும் திசுக் காரணி (உறைதலைத் தொடங்கிவைக்கும் புரதம்) ரத்தத்திலுள்ள ஏழாம் காரணி என்ற உறைதல் புரதத்தோடு சேர்ந்து, த்ராம்பின் என்ற நொதி உருவாக வழிசெய்கிறது. த்ராம்பின், கல்லீரல் சுரக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது; தட்டணுக்களும் சிவப்பணுக்களும் அந்த வலையில் சிக்கிக் கட்டி வளர்கிறது.

ஃபைப்ரினோஜன் வழக்கமாக ஒரு டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருக்கும். அமெரிக்காவில் 1985-86இல் 18 முதல் 30 வயதினரைக் கொண்டு தொடங்கிய கார்டியா ஆய்வில், இளவயதில் இந்த அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு, 13 ஆண்டுகள் கழித்து இதயக் குழாய்களில் சுண்ணாம்புப் படிவும் கழுத்துத் தமனிச் சுவரில் தடிப்பும் அதிகமாகக் காணப்பட்டன. இதைப் படித்ததும் லேபுக்கு ஓட வேண்டியதில்லை. சாதாரணக் காய்ச்சலில்கூட இந்தப் புரதம் உயரும்; புகை, தொப்பை, ஈறு வீக்கம் ஆகியவையும் அதை உயர்த்தும். மரபணு அடிப்படையிலான ஆய்வுகளைப் பார்த்தால், அது நோயின் காரணம் என்பதைவிட, உடலில் ஓயாத அழற்சி இருப்பதற்கான அடையாளம் என்றே கருத வேண்டியிருக்கிறது. அதைக் குறைக்கவென்று தனி மாத்திரை எழுதும் வழக்கமும் இல்லை.

'முழு உடல் பரிசோதனை' விளம்பரங்களில் இப்போது, ரத்தம் மிகையாக உறையாமல் தடுக்கும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் எல்லாம் சேர்ந்துவிட்டன. அவற்றின் குறைபாடு பெரும்பாலும் கால் சிரைகளிலும் நுரையீரலிலும்தான் கட்டியை உண்டாக்கும் என்பதால், நெஞ்சுக்கு அஞ்சி அவற்றுக்குப் பணம் கட்டுவது வீண் என்பது என் கருத்து. ஆனால், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஏற்பட்ட ஓர் இளம்பெண்ணுக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்தால், ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்புரதங்களை (ஆன்டிபாடி) தேடியே ஆக வேண்டும்.

குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் நான் கேட்கும் பரிசோதனை, ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகளான லைப்போபுரோட்டீன்-ஏ. கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மினோஜனின் சாயலைக் கொண்ட இது, அதன் வேலைக்குக் குறுக்கே நிற்கக்கூடும். அளவு பரம்பரையாக அமைவதால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பையும் ரத்த அழுத்தத்தையும் இன்னும் கண்டிப்பாகக் கட்டுப்படுத்துகிறோம்.

இளம் நோயாளிகளிடம் மிக அதிகம் காணும் காரணம் சிகரெட். அது ஃபைப்ரினோஜனை உயர்த்துவதோடு தட்டணுக்களையும் ஒட்டும் தன்மை உடையவையாக்குகிறது. அடியோடு விட்டவர்களுக்குச் சில வாரங்களிலேயே ஃபைப்ரினோஜன் இறங்கத் தொடங்குகிறது. 'ஒரு நாளைக்கு இரண்டுதான்' என்பதற்கு இதில் சலுகை கிடையாது.

புதிதாக உண்டான கட்டி கரைக்கும் ஊசிக்கு நன்றாகவே இளகும். நேரம் ஆக ஆக இறுகிவிடும். ஊசிக்கு 12 மணி நேரம்வரை இடமுண்டு என்றாலும் முதல் இரண்டு மணி நேரத்தில்தான் பலன் மிகுதி. இந்த வயதில் மாரடைப்பா என்று வாயுத்தொல்லைக்குச் சோடா குடித்துப் படுத்துவிடுவதால்தான் பலர் அந்த நேரத்தை இழக்கிறார்கள். நெஞ்சின் நடுவே அழுத்தமும் வியர்வையும் கால்மணி நேரம் நீடித்தால், வயது எதுவானாலும் 108ஐ அழைத்து, ஈசிஜி எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.