இருநூறு காதுகள், நூறு கொக்கிகள்

பைபிளில் யாத்திராகமம் 26-ஆம் அதிகாரத்தைப் பலரும் வேகமாகப் புரட்டிவிடுவார்கள். வெறும் முழக்கணக்காகவே போகும். ஆனால் கூடாரம் கட்டிப் பிரித்துப் பழகியவருக்கு அதில் நல்ல தீனி இருக்கிறது.

இஸ்ரவேலர் வனாந்தரப் பயணத்தில் சுமந்து சென்ற வழிபாட்டுக் கூடாரம்தான் ஆசரிப்புக் கூடாரம். அதன் உள்விரிப்புக்குப் பத்து மூடுதிரைகள். ஆளிச்செடி நாரில் திரித்த மெல்லிய நூலால் நெய்தவை. ஒவ்வொன்றும் 28 முழ நீளம், 4 முழ அகலம். ஒரு முழத்தை ஏறக்குறைய 45 செ.மீ. என்று வைத்தால், எல்லாம் சேர்ந்து 18 மீட்டருக்கு 12.6 மீட்டர். இதை ஒரே துணியாகத் தைத்துவிட்டு, வனாந்தரத்தில் இடம் மாறும்போதெல்லாம் எப்படி மடித்துத் தூக்குவது? அதனால் ஐந்தைந்தாக இணைத்து இரண்டு பாதிகள். அவை சந்திக்கும் ஓரங்களில் மட்டும் இளநீல நூலில் பக்கத்துக்கு 50 காதுகள். நேர்நேராக நிற்கும் இரண்டு காதுகளை ஒரு பொன் கொக்கி பிடிக்கும்.

துணியிலேயே ஓட்டை போட்டுக் கொக்கியை மாட்டியிருந்தால், இழுவிசை முழுவதும் அந்த ஓட்டையின் விளிம்பில் விழுந்து கிழியத் தொடங்கும். காது என்பது ஓரத்துக்கு வெளியே நிற்கும் தனி நூல் வளையம்; விசையை அது தைத்த இடம் நெடுகப் பரப்பிவிடும். அறுந்தாலும் அதை மட்டும் மாற்றினால் போதும். 28 முழத்தில் 50 காது என்றால் சுமார் 26 செ.மீ.க்கு ஒன்று. ஒன்று போனாலும் பக்கத்தில் இருப்பவை தாங்கும்.

சரி, கொக்கிகளுக்கு நடுவே இடைவெளி இருக்குமே, மழை ஒழுகாதா? அதற்குத்தான் மேலே ஆட்டுமயிர் விரிப்பு. 30 முழத்தில் பதினொரு திரைகள், ஐந்தும் ஆறுமாக. இதிலும் ஐம்பது ஐம்பது காதுகள், ஆனால் கொக்கிகள் வெண்கலம். ஆட்டுமயிர் நெசவு நனைந்தால் இழைகள் உப்பி இடைவெளியை அடைக்கும். பாலைவன நாடோடிகளின் கறுப்புக் கூடாரங்கள் இன்றும் இதை நம்பித்தான் நிற்கின்றன.

எனக்கு மிகப் பிடித்தது இணைப்புகளின் இடம். கூடாரத்தின் நீளம் 30 முழம், உயரம் 10. 40 முழ உள்விரிப்பு கூரையை மூடிப் பின்சுவரில் இறங்கும். வாசலிலிருந்து அளந்தால் உள்விரிப்பின் இணைப்பு 20-ஆம் முழத்தில் வருகிறது. கூடாரத்தின் முன்னறையான பரிசுத்த ஸ்தலத்தையும் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்தையும் பிரிக்கும் திரைச்சீலையைக் கொக்கிகளின் கீழே தொங்கவிடச் சொல்வதும் அதனால்தான் பொருந்துகிறது. மேல்விரிப்பிலோ ஆறு திரைகள் கொண்ட பாதி முன்னால் வருகிறது; அதன் ஆறாவது திரை முன்பக்கம் மடிகிறது. பின்னால் அரைத்திரை தொங்குகிறது. முன்னால் 2 முழம், பின்னால் 2 முழம் என்று பிரித்தால் அதன் இணைப்பு 22-ஆம் முழத்துக்குத் தள்ளிப்போகும். அதாவது, மேல் இணைப்பில் கசியும் நீருக்கு நேர் கீழே இன்னொரு இணைப்பு இல்லை.

ஐம்பது என்ற எண்ணுக்கு, ஐம்பதாம் நாள் திருவிழாவான பெந்தெகொஸ்தே நாளோடு முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. வசனத்தில் அப்படி எதுவும் இல்லை. அது சொல்லும் காரணம் ஒன்றுதான்: இரண்டு பாதிகளும் ஒரே வாசஸ்தலமாக வேண்டும். பயண நாளில் கொக்கிகளைக் கழற்றினால் மறுபடி இரண்டு பாதிகள். அவற்றைச் சுமந்தவர்கள் கெர்சோன் வம்சத்து லேவியர், அதாவது கூடாரப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட லேவி கோத்திரத்தின் ஒரு பிரிவினர். அவர்களுக்கு மோசே கொடுத்தது இரண்டு வண்டிகளும் நான்கு மாடுகளும்.