வெறுந்தராசைத் தூக்கிப் பார்க்கும் சிப்

தருமபுரிப் பக்கம் பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருந்தார்: "741 ஐசியில் 1, 5 என்று இரண்டு கால்களுக்கு 'ஆஃப்செட் நல்' என்று போட்டிருக்கிறது. லேபில் யாரும் அவற்றைத் தொடுவதே இல்லை. பிறகு எதற்கு சார் அந்தக் கால்கள்?"

741 என்பது இரண்டு உள்ளீடுகளின் மின்னழுத்த வித்தியாசத்தைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் சிப். நானும் அந்தக் கால்களைத் தொடாமலேயே டிப்ளமோ முடித்தவன்தான். ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்த இரண்டு கால்களின் அருமை புரிந்தது.

எங்கள் தாத்தா புளி மூட்டையோடு மண்டிக்குப் போனால், முதலில் வெறுந்தராசைத் தூக்கிக் காட்டச் சொல்வார். ஒரு தட்டு இறங்கியே நின்றால் விடமாட்டார். வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே எதிர்த்தட்டின் கயிற்றில் ஒரு சின்னக் கல்லைக் கட்டுவார். முள் நடுவில் வந்த பிறகுதான் மூட்டையை அவிழ்ப்பது. ஒன்றுமே வைக்காதபோது தராசு காட்டும் அந்தச் சாய்வுதான் ஆஃப்செட். அதைப் பூஜ்யமாக்குவது நல் (null).

உங்கள் கம்ப்யூட்டரில் தகவலை வாங்கும் ஒவ்வொரு முனையிலும் இப்படி ஒரு தராசு இருக்கிறது. கம்பேரேட்டர் என்று பெயர். இரண்டு கம்பிகளில் எதில் மின்னழுத்தம் கூட என்று பார்த்து 1 அல்லது 0 என்று தீர்ப்புச் சொல்லும். யூஎஸ்பி 3.0 கம்பியில் வினாடிக்கு 500 கோடி பிட்டுகள் ஓடுகின்றன. ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 200 பிக்கோ வினாடி (வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பிக்கோ வினாடி). அதற்குள் வெளிச்சமே 6 சென்டிமீட்டர்தான் போகும். புறப்படும்போது ஒரு வோல்ட்டை ஒட்டி இருக்கும் சிக்னல், கேபிளிலும் போர்டிலும் தேய்ந்து, வந்து சேரும்போது சில பத்து மில்லிவோல்ட்டாகிவிடலாம். தராசின் சாய்வும் அதே அளவில் இருந்தால், வந்தது எதுவானாலும் 1 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

சாய்வு எங்கிருந்து வருகிறது? கம்பேரேட்டரின் இரண்டு தட்டுகள் இரண்டு டிரான்சிஸ்டர்கள். ஒரே அச்சில், பக்கத்தில் பக்கத்தில் வார்த்தவைதான். ஆனாலும் மிகச் சிறிய டிரான்சிஸ்டருக்குள் வேண்டுமென்றே கலக்கும் மாசு அணுக்கள், எண்ணிவிடலாம் போலக் கொஞ்சமாக இருக்கும். வயலில் விதை தூவுவது மாதிரிதான்: ஒரு பாத்தியில் நாலு கூட விழும், அடுத்ததில் நாலு குறையும். பிலிப்ஸ் நிறுவனத்தின் மார்செல் பெல்க்ரோமும் சக ஆய்வாளர்களும் 1989இல் இதற்குக் கணக்கு சொன்னார்கள்: பரப்பை நான்கு மடங்காக்கினால் வித்தியாசம் பாதியாகும். அப்படியே பெரிதாக்கலாமே என்றால், பெரிய டிரான்சிஸ்டரை நிரப்ப மின்னேற்றமும் கூட வேண்டும்; வேகம் போய்விடும். ஆகவே சின்னத் தராசையே வைத்துக்கொண்டு கல்லைக் கட்டுகிறார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். கம்பேரேட்டருக்கு முள் கிடையாது. எவ்வளவு சாய்ந்திருக்கிறேன் என்று சொல்லத் தெரியாது. இடதா வலதா என்று மட்டும் சொல்லும். அதை வைத்து நடுவை எப்படிப் பிடிப்பது?

இரண்டு உள்ளீடுகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். வித்தியாசம் பூஜ்யம். பிறகு ஆயிரத்துச் சொச்சம் முறை "எது கூட?" என்று கேட்கிறார்கள். ஆயிரம் தடவையும் 1 என்றே பதில் வந்தால், அந்தப் பக்கம் சாய்வு. எதிர்ப்பக்கம் கொஞ்சம் மின்னோட்டத்தைச் சேர்க்கிறார்கள், அதுதான் கல். கூட்டிக் குறைக்க 32 படிகள் கொண்ட கல் என்றால் முதலில் நடுப்படி, பிறகு மிச்சத்தில் பாதி, அதிலும் பாதி என்று ஐந்தே நிறுவையில் முடிந்துவிடும். முடிந்தது என்று எப்படித் தெரியும்? பதில் தடுமாறத் தொடங்கும். 1, 0, 0, 1, 0, 1 என்று உளறும். பாதிக்குப் பாதி 1, பாதிக்குப் பாதி 0 என்று வந்தால் கல் சரி. எல்லா மின்சுற்றிலும் இருக்கும் வெப்ப இரைச்சல்தான், அதாவது சூட்டால் மின்னழுத்தம் ஆடும் சின்ன ஆட்டம்தான், அதை உளற வைக்கிறது. மற்ற நேரமெல்லாம் திட்டித் தீர்க்கும் இரைச்சலை இங்கே மட்டும் பொறியாளர்கள் கும்பிட்டு வரவேற்பார்கள்.

கட்டிய கல் நிரந்தரமில்லை. சூடு ஏறினால் சாய்வும் நகரும். அதனால் சில சிப்களில் ஒரு கம்பேரேட்டரை உபரியாக வைத்து, ஒன்று ஓய்வெடுத்துத் தன்னைச் சரிபார்க்கும்போது மற்றவை வேலை பார்க்கும். பல கருவிகளில் அந்த வசதி இல்லை. சுவிட்ச் போடும்போது ஒரு முறை பார்ப்பதோடு சரி.

நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் அப்படி ஒரு சோதனைக் கருவி, ஏசி பழுதான வாரத்தில் நல்ல போர்டுகளையெல்லாம் கெட்டது என்று தள்ளியது. கண் பட்டுவிட்டது என்றார்கள். கருவியை நிறுத்தி, துடைத்து, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டி, மறுபடி போட்டார்கள். சரியாக ஓடியது! நிறுத்திப் போட்டதில் அது தன் கல்லை மறுபடி கட்டிக்கொண்டது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பழம் காயக் காய மாற்றிக் கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

ஜிகாஹெர்ட்ஸ் அலையைக் காட்டும் ஆசிலோஸ்கோப் பல லட்ச ரூபாய். நம் மாவட்டக் கல்லூரிகளுக்கு அதை வாங்கித் தர மனமில்லாத அரசுகள், வாசலில் வளைவு கட்ட மட்டும் தாராளமாகக் கொடுக்கின்றன. போகட்டும், இந்த ஒரு விஷயத்துக்கு அந்தக் கருவி தேவையில்லை.

மாணவிக்கு: ஒரு 741 எடுங்கள். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளால் பிளஸ், மைனஸ் சப்ளை கொடுங்கள். 2, 3 கால்களை இரண்டையும் கிரவுண்டில் சேருங்கள். 1, 5 கால்களுக்கு நடுவே 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (திருகிக் கூட்டிக் குறைக்கும் மின்தடை), அதன் நடுமுனை மைனஸ் சப்ளைக்கு. வெளியீட்டில் மீட்டர். முள் ஏதோ ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மெல்லத் திருகுங்கள்; ஓரிடத்தில் சட்டென்று மறு ஓரத்துக்குத் தாவும். நடுவில் நிறுத்தப் பாருங்கள், நிற்காது. பிறகு திருகியதை அசைக்காமல் ஐசியை மட்டும் மாற்றிப் போட்டு, முள் எந்தப் பக்கம் போனது என்று எழுதுங்கள்.