பூட்டியிருந்த கதவும் உடைந்த கண்ணாடியும்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூடவுன் என்ற சிற்றூர். 2012 டிசம்பர் 14 காலையில் அங்குள்ள சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியின் வாசல் கதவு பூட்டித்தான் இருந்தது. மணி அடித்தால், அலுவலகத்தில் இருப்பவர் கேமராவில் ஆளைப் பார்த்துப் பொத்தானை அழுத்தித் திறந்துவிடும் ஏற்பாடும் இருந்தது. துப்பாக்கியோடு வந்தவன் மணி அடிக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய கண்ணாடியைச் சுட்டு உடைத்து, அந்த வழியாக உள்ளே போய்விட்டான். 20 குழந்தைகளும் பெரியவர்கள் 6 பேரும் இறந்தார்கள். முதல் அவசர அழைப்பு 9:35:39-க்குப் போனது. முதல் காவலர் 9:39-க்கு வந்துவிட்டார். 9:40:03-க்கு அவன் தன்னையே சுட்டுக்கொண்டான். முதல் அழைப்பிலிருந்து எண்ணினால் எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள்.

எந்தக் கதவும் ஒருவனை என்றைக்குமாகத் தடுத்துவிடாது. அது வாங்கித் தருவது நேரம். அதிலும், ஆபத்து வந்திருக்கிறது என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்த பிறகு கிடைக்கிற நேரம்தான் கணக்கில் வரும். யாரும் பார்க்காத பின்வாசலில் எவ்வளவு கனமான பூட்டைத் தொங்கவிட்டாலும், அதை அரை மணி நேரம் அறுத்துத் திறந்தவனும் சாவியோடு வந்தவனும் பள்ளியைப் பொறுத்தவரை ஒன்றுதான். முதலில் பார்க்க வேண்டும், அப்புறம் தாமதப்படுத்த வேண்டும். அந்த இடைவெளியில் வகுப்பறைகள் பூட்டப்பட்டு, உதவியும் வந்து சேர வேண்டும்.

அந்த நேரத்தைத் தின்றுவிடுவது பெரும்பாலும் கண்ணாடி. பள்ளிகளில் பரவலாக இருக்கும் டஃபன்ட் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர வைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பின்னால் சுருங்கும்போது மேற்பரப்பையும் உள்ளே இழுக்கும். அதனால் வெளிப்பக்கம் நிரந்தரமாக அழுத்தத்திலும், உள்பக்கம் இழுவிசையிலும் இருக்கும். சாதாரண அடியைத் தாங்கும் பலம் இந்த அழுத்தத்தால்தான் வருகிறது. ஆனால் விரிசல் ஒருமுறை உள்பகுதியை எட்டிவிட்டால், தேங்கியிருந்த ஆற்றல் முழுவதும் விடுபட்டு, கண்ணாடி கற்கண்டுத் துண்டுகளாக நொறுங்கிக் கொட்டிவிடும். ஓடிவந்து மோதுகிற குழந்தையின் கையை அது ஆழமாகக் கிழிக்காது. அந்த வகையில் நல்ல கண்ணாடிதான். ஆனால் உடைந்த இடத்தில் மிஞ்சுவது ஆள் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு.

லேமினேட் கண்ணாடி உடைகிற விதமே வேறு. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் பாலிவினைல் பியூட்டிரல் என்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். காரின் முன்கண்ணாடி இந்த வகைதான். அடித்தால் விரிசல் விடும், ஆனால் துண்டுகள் படலத்தை விட்டு விழாது. இதைக் குண்டு துளைக்காத கண்ணாடி என்று நினைத்துவிடக் கூடாது. தோட்டா உள்ளே போய்விடும். ஆள் போக மாட்டான்; போக வேண்டுமென்றால் நின்று அடித்துக் கிழிக்க வேண்டும். அந்தச் சத்தமே உள்ளே இருப்பவர்களுக்கு எச்சரிக்கை.

கண்ணாடியை மாற்றப் பணமில்லாத பள்ளிகள், இருக்கிற கண்ணாடியின் மேல் பாதுகாப்புப் படலம் ஒட்டுகின்றன. பரவலாகப் பயன்படுவதின் தடிமன் 0.2 மில்லிமீட்டர் அளவுதான். அந்தப் படலத்தின் விளிம்பைச் சட்டத்தோடு சிலிகான் வைத்துப் பிணைக்க வேண்டும். பிணைக்காவிட்டால் நொறுங்கிய கண்ணாடி ஒரே விரிப்பாகச் சட்டத்தை விட்டுக் கழன்று விழுந்துவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, எல்லா வாசலையும் சங்கிலி போட்டுப் பூட்டலாம் என்று கிளம்புகிற நிர்வாகங்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். 1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் நகரில், விக்டோரியா ஹால் அரங்கின் மாடியிலிருந்து குழந்தைகள் பரிசு வாங்கக் கீழே ஓடினார்கள். படிக்கட்டின் அடியில் உள்பக்கமாகத் திறக்கும் கதவு, ஒருவர் மட்டும் நுழைய இடம்விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. நெரிசலில் 183 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு 1892-இல் ராபர்ட் பிரிக்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கியதுதான், இன்று திரையரங்குகளில் நாம் பார்க்கிற தள்ளுகம்பிக் கதவின் முன்னோடி. இடுப்பு உயரத்தில் குறுக்காக ஒரு கம்பி இருக்கும். அதன் மேல் உடம்பு சாய்ந்தாலே போதும், தாழ் உள்ளே இழுத்துக்கொள்ளும். சாவியோ மின்சாரமோ வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் அதே கதவு பூட்டிய கதவு.

நமக்கு இதைச் சொல்ல அந்நிய ஊர் தேவையில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்தபோது, குறுகிய படிக்கட்டு அவர்களுக்குப் போதவில்லை. யாரை உள்ளே விடக் கூடாது என்று யோசிக்கும்போதே, எல்லோரும் எப்படி வெளியே ஓடுவார்கள் என்றும் யோசித்துவிட வேண்டும்.

மின்சாரப் பூட்டு வாங்கும்போதும் இதே கேள்விதான். ஒரு வகையில் மின்காந்தம் கதவிலுள்ள இரும்புத் தகட்டை இழுத்துப் பிடிக்கும். 500 கிலோ எடைக்குச் சமமான இழுப்பைக்கூடத் தாங்கும். ஆனால் காந்தத்துக்கும் தகட்டுக்கும் இடையே மெல்லிய தூசிப்படலம் வந்தாலே பிடி வெகுவாகக் குறையும். மின்சாரம் போனால் கதவு திறந்துவிடும். இன்னொரு வகையில் தாழ் விழுகிற நாதாங்கியே கீல் வைத்து அசையும். அலுவலகத்தில் பொத்தானை அழுத்தினால் அது விலகிக் கதவை விடும். மின்சாரம் இல்லாதபோதும் பூட்டியே இருக்கும்படி அதை அமைக்கலாம். உள்ளே தள்ளுகம்பி இருந்தால் வெளியேறுகிறவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. பள்ளி வாசலுக்கு நான் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டாவது பூட்டும் தள்ளுகம்பியும் சேர்ந்த ஜோடியைத்தான்.

பழைய சாண்டி ஹூக் கட்டடத்தை 2013-இல் இடித்துவிட்டார்கள். 2016-இல் திறந்த புதிய பள்ளியின் முன்னால் மழைநீர்த் தோட்டம் ஒன்று இருக்கிறது. சிறு பாலங்களைக் கடந்துதான் கட்டடத்துக்குப் போக முடியும். குழந்தைகளுக்கு அது தோட்டம். வருகிறவர் வாசலை எட்டுவதற்கு முன்பே உள்ளே இருப்பவர்கள் அவரைப் பார்த்துவிடுவார்கள். முள்வேலியும் கோட்டைச்சுவரும் இல்லாமல் இதைச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்தத் துயரத்தை ஆராய்ந்த மாநிலக் குழு 2015-இல் அழுத்திக் கேட்டதோ மிகச் சாதாரணமான ஒன்று: வகுப்பறைக் கதவை ஆசிரியர் உள்ளேயிருந்தே பூட்ட முடிய வேண்டும்.

ஏழு ஆண்டு கழித்து, 2022 மே 24 அன்று டெக்சஸின் யுவால்டே நகரில், ராப் தொடக்கப்பள்ளியின் வெளிக்கதவை ஓர் ஆசிரியை இழுத்துச் சாத்தினார். அது பூட்டிக்கொள்ளவில்லை. துப்பாக்கியோடு வந்தவன் அந்த வழியாக உள்ளே போய்விட்டான். 111-ஆம் அறைக் கதவு சரியாகப் பூட்டாது என்பதும் பள்ளியில் தெரிந்த விஷயம். 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். சாவித் தட்டுப்பாடு இருந்ததையும், கதவுகளைப் பூட்டாமல் விடுவது வழக்கமாகிப் போனதையும் சட்டமன்றக் குழு தன் அறிக்கையில் எழுதியது. அதன் பிறகு டெக்சஸில் பள்ளி வெளிக்கதவுகளை வாரம் ஒருமுறையாவது சோதிக்க வேண்டும் என்று விதி வந்தது.

அந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். கீல் தொய்ந்தால் தாழ் நாதாங்கிக்குக் கீழே இடிக்கும். கதவைத் தானாகச் சாத்தும் கருவியில் எண்ணெய் கசிந்தால் கடைசி இரண்டு விரற்கடை மூடாது. மழைக்காலத்தில் மரம் ஊதினாலும் இதே கதிதான். ஆகவே கதவை லேசாகத் திறந்து கையை எடுத்துவிட வேண்டும். தாழ் விழும் சத்தம் கேட்க வேண்டும். பிறகு வெளியே நின்று பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும்.