சூட்சுமம் 'ம்'மில் இருக்கிறது

ஓம் சொன்னால் மனம் அடங்கும், ஆனந்தம் வரும் என்பார்கள். அடங்குவது எது என்று பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிமான்ஸ் மருத்துவமனையில் ஸ்கேன் வைத்தே பார்த்திருக்கிறார்கள். 2011இல் வெளியான ஆய்வு அது. 12 பேர் ஸ்கேனருக்குள் படுத்தபடி 'ஓ'வை 5 நொடியும் 'ம்'மை 10 நொடியும் இழுத்தார்கள். ஒப்பிடுவதற்காக அதே அளவு நேரம் 'ஸ்ஸ்ஸ்' என்றும் ஒலித்தார்கள். ஓம் சொன்னபோது மூளையில் அமிக்டாலா உள்ளிட்ட, உணர்ச்சிகளைக் கிளப்பும் பகுதிகளில் செயல்பாடு குறைந்தது. 'ஸ்ஸ்ஸ்' சொன்னபோது அப்படிக் குறையவில்லை. மூச்சு இரண்டிலும் நீளமாகத்தான் வெளியேறியது. 'ஸ்ஸ்ஸ்'ஸில் இல்லாதது அதிர்வு. உடலை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்புக்குக் காதைச் சுற்றி ஓடும் ஒரு கிளை உண்டு; அதை அந்த அதிர்வு தூண்டுகிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம். 12 பேரை வைத்து முடிவு கட்ட முடியாது, ஆனாலும் திசை தெரிகிறது.

நம்மில் பலர் 'ஓ'வை முழங்கிவிட்டு 'ம்'மை வால் போல விட்டுவிடுகிறோம். அளவு தலைகீழாக இருக்க வேண்டும். மூக்கால் 4 நொடி மூச்சை இழுத்து, 'ஓ' 2 நொடி, 'ம்' 4 நொடி. ஒரு சுற்றுக்கு 10 நொடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. இந்த வேகத்தில் ரத்த அழுத்தத்தின் இயல்பான ஏற்ற இறக்கமும் மூச்சும் ஒன்றோடொன்று ஒத்திசைகின்றன. உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளம் என்பது திருமந்திரக் கணக்கிலும் உண்டு: பூரகம் (உள்ளிழுப்பது) 16 மாத்திரை, ரேசகம் (வெளிவிடுவது) 32. மாத்திரை என்பது பழைய நேர அளவு. நடுவில் வரும் 64 மாத்திரைக் கும்பகத்தை, அதாவது மூச்சை அடக்குவதை, ஆசிரியர் இல்லாமல் தொட வேண்டாம்.

'ம்'மில் உதடு மூடியிருக்கட்டும், பல் ஒட்ட வேண்டாம், நாக்கு தளர்ந்திருக்கட்டும். சரியா என்று பார்க்க மூக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒலி சட்டென நின்றுவிட வேண்டும். தொண்டை எரிந்தால் சத்தம் அதிகம். ஒவ்வொரு சுற்றுக்கும் நெஞ்சு முட்ட மூச்சை அள்ளினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல்நுனி குறுகுறுக்கும். இதைக் குண்டலினி எழும்புவதாக நம்பிப் பரவசப்படுகிறவர்களும் உண்டு, பாவம்.

சரி, ஆனந்தம் எங்கே? அமிக்டாலா அடங்குவது வெறும் அமைதிதான். மாண்டூக்கிய உபநிடதம் அ, உ, ம மூன்றையும் விழிப்பு, கனவு, ஆழ்துயில் என்று வைத்து, நான்காவது நிலையான துரியத்துக்கு எழுத்தே தரவில்லை. ஒலி ஓய்ந்த இடமே அது. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியோ ஆனந்தத்தைச் சமாதியின் படிகளில் மூன்றாவதாகத்தான் வைக்கிறார். அதற்கு மேலே அஸ்மிதை, 'இருக்கிறேன்' என்ற உணர்வு மட்டும்.

அதனால் 30 சுற்று, ஐந்து நிமிடம், முடிந்ததும் எழுந்துவிடாமல் இன்னொரு ஐந்து நிமிடம் ஒலியின்றி உட்காருங்கள். பெங்களூரு அல்சூர் மாதிரி நெரிசலான இடத்தில் காலை ஐந்தரை மணிக்குள் உட்கார்ந்தால்தான் இது நடக்கும். ஏழைத் தாண்டினால் ஹாரன்தான் மந்திரம். நினைப்பு ஓட ஆரம்பித்தால் இன்னொரு ஓம், மறுபடி மௌனம்.