வரைபடப் புள்ளியும் நீதிமன்றமும்

2003 ஜனவரியில் கும்மிருட்டான ஓர் இரவு. அமெரிக்க–மெக்சிகோ எல்லை அருகே ஒருவரை எல்லைக் காவலர்கள் பிடித்தார்கள். நாடு கடத்தப்பட்டவர் அனுமதியின்றித் திரும்பி வந்துவிட்டார் என்பது வழக்கு. அவரோ, தான் மெக்சிகோ மண்ணில்தான் நின்றதாகவும், இருட்டில் காவலர்களே எல்லை தாண்டியிருக்கலாம் என்றும் வாதாடினார். காவலர்களின் ஜிபிஎஸ் கருவி காட்டிய எண்களைக் கூகுள் எர்த்தில் இட்டால், குறி எல்லைக்கு வடக்கே, அமெரிக்கப் பக்கம் விழுந்தது.

அந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன? சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. ஜிபிஎஸ் கருவி அதைக் கேட்கிறது. சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத் தொலைவைக் கணக்கிடுகிறது. மூன்று செயற்கைக்கோள்களே போதும் என்று தோன்றும். ஆனால் கருவிக்குள் இருப்பது மலிவான கடிகாரம். ஒரு மைக்ரோ விநாடி பிசகினாலே 300 மீட்டர் தவறிவிடும். அந்தப் பிசகையும் கண்டுபிடிக்கத்தான் நான்காவது தேவைப்படுகிறது. ஆக, நாம் பார்க்கும் புள்ளி ஒரு கணக்கின் விடை. திறந்தவெளியில் சில மீட்டர் பிழை இருக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுச் சுற்றி வந்தால், அடுத்த தெருவில்கூட நம்மைக் காட்டிவிடும்.

சரி, அந்தக் குறி செவிவழிச் சாட்சியமா? அதாவது, நீதிமன்றத்துக்கு வெளியே ஒருவர் சொன்னதை ஆதாரமாகக் காட்டுவதா, பொதுவாக ஏற்கப்படாத வகையா? ஆகாது என்று 2015-இல் அமெரிக்காவின் 9-ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மென்பொருள் தானாக வைத்த குறி மனிதரின் கூற்று அல்ல என்பது காரணம். நீதிபதிகள் தாங்களே அந்த எண்களைத் தட்டிப் பார்த்தார்கள். அதே இடத்தில் குறி விழுந்தது. சோதனையைத் திரும்பச் செய்து பார்த்த அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ஒருவர் கையால் வைத்த குறி என்றால் கதை வேறு. கருவி பழுதா, யாராவது கை வைத்தார்களா என்ற கேள்விகளையும் தாராளமாக எழுப்பலாம்.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டம், 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு அதன் ஹாஷ் மதிப்பை (பதிவின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீட்டை) குறிப்பிடும் சான்றிதழையும் கேட்கிறது. பதிவில் ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும், அதனால் பின்னால் நடக்கும் திருத்தம் தெரிந்துவிடும். ஆனால் பதிவான நேரத்திலேயே சுவரில் பட்டு வந்த சிக்னலை அது காட்டிக்கொடுக்காது. அப்போது எத்தனை செயற்கைக்கோள்கள் கிடைத்தன, பிழை வரம்பு எவ்வளவு என்ற விவரங்கள் கருவியில் பதிவாகியிருந்தால், வழக்கறிஞர் அவற்றையும் கேட்டு வாங்க வேண்டும்.