கறுத்த இறால் தலையும் சுவீடன் ஆறுகளும்

திருகோணமலைச் சந்தையில் காலையில் வாங்கிய இறால், ஐஸ் பெட்டிக்குள் இருந்தும் மாலைக்குள் தலையும் ஓட்டின் ஓரங்களும் கறுத்துவிடுவது ஏன், அது நஞ்சா என்று மூதூர் மாணவி ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கறுப்பு நஞ்சன்று. இறாலின் உடலிலுள்ள நொதியமொன்று ஒட்சிசனின் துணையோடு மெலனின் என்ற கருநிறப் பொருளை ஆக்குகிறது. இறால் செத்த பின்னும் அவ்வேலை நிற்பதில்லை. உயிருள்ள உடலில் இதே மெலனின் ஒரு சிறைச்சுவர் என்பதையும், அச்சுவர் ஐரோப்பாவின் நன்னீர்ச் சிங்கிகளை, அதாவது ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் இறாலின் உறவினங்களை, நோயிலிருந்து காக்காமல் கைவிட்ட விதத்தையும் சொன்னால்தான் விடை நிறைவுறும்.

1859 இல் இத்தாலியில் சிங்கிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 1907 இல் அக்கொள்ளைநோய் சுவீடனை எட்டியது. வட அமெரிக்காவைச் சேர்ந்த, பங்கசைப் போன்ற நீர்ப்பூஞ்சணம் ஒன்றே இதற்குக் காரணம். அதன் வித்திகள் சவுக்குமுளைகள் எனப்படும் இரண்டு நுண்ணிய வால்களால் நீந்தி வந்து, சிங்கியின் மூட்டுகளின் மெல்லிய தோலில் ஒட்டி, உள்ளே இழைவிடுகின்றன.

இழையின் சுவரிலுள்ள ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலியைச் சிங்கியின் குருதிக் கலங்கள் இனங்கண்டதும், அதுவரை உறங்கிக் கிடந்த நொதியம் விழித்து, இழையைச் சுற்றி மெலனினைப் பூசுகிறது. அமெரிக்கச் சிங்கியில் இந்த நொதியத்தின் உற்பத்தி ஓயாமல் நடப்பதால் இழை நுழைந்த இடத்திலேயே முடங்கிவிடுகிறது. ஓட்டில் ஒரு கரும்புள்ளி மட்டுமே தெரியும். ஐரோப்பியச் சிங்கியிலோ சுவர் எழுவதற்குள் இழை உடலுக்குள் பரவிவிடுகிறது; பெரும்பாலும் சில வாரங்களுக்குள் சிங்கி இறந்துபோகிறது.

கரும்புள்ளிக்குள் அடைபட்ட இழை சாவதில்லை என்பதே இதிலுள்ள நுட்பம். நோயைத் தாங்குகிறது என்ற தகுதிக்காக 1960 அளவில் கலிபோர்னியச் சிங்கிகளைச் சுவீடன் நீர்நிலைகளில் விட்டார்கள். அவற்றின் கரும்புள்ளிகளுக்குள் இருந்த நோயும் கூடவே வந்தது. தாங்கும் உயிரை நோயற்ற உயிரென்று கொண்டதே பிழை. வெளிநாட்டு உயிரினங்களைக் கொண்டுவருமுன் நலமாகத் தோன்றுபவற்றையும் சோதிக்கும் ஆய்வுகூடங்களுக்குப் பணம் ஒதுக்குவது வீண்செலவென்று இன்றும் கருதுவோரை நான் அறிவேன். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வித்திகள் உலர்ந்தால் செத்துவிடும். ஆகவே ஓர் ஆற்றில் நனைந்த பொறியையும் வலையையும் நன்றாக வெயிலில் காயவைத்த பின்னரே அடுத்த ஆற்றில் இறக்கவேண்டும். ஆனால் அமெரிக்கச் சிங்கி குடியேறிவிட்ட ஆற்றில் அதனாலும் பயனில்லை. அது ஓட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிய வித்திகள் நீரில் கலக்கின்றன.