புதிய முயற்சியும் இயக்குநர் பொறுப்பும்: தென்னாப்பிரிக்க ஓட்டல் நிறுவனங்களுக்கான சட்டம் என்ன சொல்கிறது?

தென்னாப்பிரிக்காவில் 2011 மே 1 முதல் நடைமுறையில் உள்ள 2008ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், தொழிலை நடத்தும் பொறுப்பைத் தன் 66ஆம் பிரிவில் இயக்குநர் குழுவிடம் ஒப்படைக்கிறது. டர்பனில் ஓட்டல் வைத்திருக்கும் நிறுவனம் உம்லாங்காவில் கிளை திறப்பதா, திருமண மண்டபத் தொழிலில் இறங்குவதா என்பதை மேலாளர் முன்மொழியலாம், முடிவு குழுவினுடையது. தனியார் நிறுவனத்துக்கு ஓர் இயக்குநர் போதும். பொது நிறுவனத்துக்கு மூவராவது வேண்டும்.

நட்டம் வந்தால் தம் தலையில் விழும் என்று நல்ல திட்டங்களையும் கிடப்பில் போடும் குழுக்கள் உண்டு. அந்த அச்சம் பெரும்பாலும் சட்டத்தைப் படிக்காததால் வருவது. விவரங்களை முறையாகக் கேட்டறிந்து, சொந்த ஆதாயம் இல்லாமல் அல்லது இருந்ததை முறைப்படி வெளிப்படுத்தி, நிறுவனத்துக்கு நன்மையே என்று நம்பத் தக்க காரணத்தோடு நம்பி முடிவெடுத்த இயக்குநர், பின்னர் அந்த முயற்சி தோற்றாலும், நிறுவன நலனுக்காகவும் உரிய கவனத்தோடும் செயல்பட்டவராகவே 76(4) பிரிவின்படி கருதப்படுவார்.

குடும்ப நிறுவனங்கள் இடறுவது சொந்த ஆதாய விஷயத்தில்தான். மண்டபத்துக்காகக் குத்தகைக்கு எடுக்கவிருக்கும் கட்டடம் ஓர் இயக்குநரின் மைத்துனருடையது என்று வைத்துக்கொள்வோம். மைத்துனரும் சட்டப்படி உறவினரே. ஆகவே அது தமக்குத் தெரிந்திருந்தால், விஷயம் பரிசீலனைக்கு வருமுன் அந்த இயக்குநர் அதைச் சொல்லிவிட்டு, தாம் அறிந்த முக்கியத் தகவல்களையும் தெரிவித்து, உடனே கூட்டத்திலிருந்து வெளியேற வேண்டும் என்கிறது 75ஆம் பிரிவு. வாக்களிக்காமல் ஓரமாக உட்கார்ந்திருப்பது போதாது. சொல்லாமல் நிறைவேற்றிய ஒப்பந்தத்தை, விவரம் வெளியான பிறகு பங்குதாரர்கள் சாதாரணத் தீர்மானத்தால், அதாவது பாதிக்கு மேற்பட்ட வாக்குகளால், ஏற்கலாம். இல்லையென்றால் நீதிமன்றம்தான் அதைச் செல்லும் என்று அறிவிக்க வேண்டும்.

விடுமுறைக் காலங்களை நம்பியிருக்கும் ஓட்டல்களுக்கு இன்னொரு பிரிவு முக்கியமானது. அடுத்த 6 மாதங்களில் கடன்களை உரிய நேரத்தில் அடைக்க இயலாது என்று கருத நியாயமான காரணம் இருந்தும், நிறுவன மீட்பு நடவடிக்கை (நலிந்த நிறுவனத்தை மேற்பார்வையில் சீரமைக்கும் சட்ட வழி) தொடங்கக் குழு தீர்மானிக்காவிட்டால், 129(7) பிரிவின்படி பங்குதாரர், கடன் கொடுத்தோர், தொழிற்சங்கம், ஊழியர் ஆகியோருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அங்கே கோடை விடுமுறைக் காலமான டிசம்பரின் வரவை மட்டும் காட்டி விரிவாக்கத்துக்கு ஒப்புதல் கேட்கும் மேலாளரிடம், குளிர்கால மாதங்களின் பணவரவுக் கணக்கையும் குழு கேட்டு வாங்கிக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்துகொள்ளட்டும்.